அறுபத்தைந்து கிலோ பொய்

போன் அலறியது!

காலை பத்தே கால். ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசனை அறையில் சகாயராணி அப்போதுதான் டிபன் பாக்ஸை மூடியிருந்தாள். ஏப்பம் விட்டுக்கொண்டே ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

"சகாயராணி மேடமா? வில்லியனூர்லேர்ந்து எஸ்.ஐ. புகழ்வேந்தன். கோவிந்தராஜ்னு ஒரு பேஷண்ட்... பாத்திரக்கடை வெச்சிருக்காரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மூன்று மாதம் முன்னால் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்து, பிழைத்து, எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன மனிதர்.

"இருக்கு சார். இன்னா ஆச்சி அவருக்கு?"

"விடியக்காலைல பாத்ரூம்ல வுழுந்துட்டாரு. உங்க ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.லதான் கெடக்காரு. எடை போட்டாங்க. எவ்ளோ தெரியுமா?"

"சொல்லுங்க சார்..."

"நாப்பத்தொம்பது!"

சகாயராணி டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்தாள்.

"ஆனா ஐ.சி.யூ.ல காட்டுன உங்க ஃபைல் காப்பில போன வெள்ளிக்கிழம அறுபத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்து. ஆறு நாள்ல பதினாறு கிலோ! சாதாரணமா எறங்குமா?"

"எ... எறங்காது சார்."

"அதான்! பொண்டாட்டி வெஷம் வெக்கிறான்னு அவரோட அக்கா எழுதிக் குடுத்துட்டாங்க. அசல் ஃபைல எடுத்துக்கிட்டு அவரு வூட்டுக்கு வாங்க. நீங்கதான் முக்கியமான சாட்சி!"

லைன் செத்துப்போனது.

இப்போது ஒரு ரகசியம். காதைக் கொடுங்கள்...

அந்த முக்கியமான சாட்சி, கோவிந்தராஜின் வீட்டு வாசற்படியை ஒருநாள் கூட மிதித்ததில்லை!

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடுகிறார்கள்? நல்ல சாப்பாடு கிடைத்தவர் சீக்கிரம் தேறுகிறாரா? மெலிந்துபோகிறவர் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறாரா? இதுதான் ஆஸ்பத்திரி நடத்தும் ஆராய்ச்சி. சகாயராணியின் வேலை, எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது. நிறுத்துப் பார்க்கணும். புஜத்தைச் சுற்றி டேப் வைத்து அளக்கணும். சமையலறையை எட்டிப் பார்க்கணும்.

முதல் தடவை கிளம்பத்தான் செய்தாள். அன்றைக்கென்று வில்லியனூர் தேர்! தெருமுனையில் தடுப்புக்கட்டை. தொப்பி போட்ட யாரோ விசில் ஊதி, "திரும்பிப் போங்க மேடம்!" என்று கத்தினார். ஸ்கூட்டியைத் திருப்பினாள். நாளைக்கு வரலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. அறுபத்தாறு என்று எழுதினாள்.

இரண்டாவது தடவை போன வெள்ளி. அன்று போன் மட்டும்தான்.

"சாப்புடறாராம்மா?"

"நீங்க எழுதிக் குடுத்தபடிதான் மேடம். ஒரு சொட்டு மாறல!" என்றாள் மனைவி விஜயகுமாரி.

"நல்லது. அப்படியே தொடருங்க."

அறுபத்தைந்து. 'நலம்' என்று ஒரு டிக். அந்த டிக்கைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் கோவிந்தராஜின் செக்கப்பை ஒரு மாதம் தள்ளிப்போட்டார்.

மகா பாவி! என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெட்கம் காதுமடல் வரை சுட்டது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கோவிந்தராஜின் வீட்டு வாசலில் ஜீப். தெருவே கூடியிருந்தது.

"எந்தம்பிய உருக்கிட்டாளே! மலையாட்டம் இருந்தவன எலும்பாக்கிட்டாளே!" அக்கா வள்ளிநாயகி மார்பில் அடித்துக்கொண்டாள். "கடைய எழுதி வாங்கறதுக்குத்தான்டி இந்த வேலை!"

விஜயகுமாரி சமையலறை வாசலில் நின்றாள். அழவில்லை. புடவைத் தலைப்பை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு கான்ஸ்டபிள் கஞ்சிப் பானையை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டிருந்தார்.

எஸ்.ஐ. புகழ்வேந்தன் திரும்பினார். நரைத்த மீசை. தூங்காத கண்கள்.

"வாங்க மேடம். ஃபைல் இருக்கா?"

"இ... இருக்கு சார்."

"ஏம்மா விஜயகுமாரி, புருஷனுக்கு இன்னா குடுத்த?"

"அதுல எழுதியிருக்கறதுதான் சார்."

விரலை நீட்டினாள்.

சாமி அலமாரி. முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் ஒரு படம். கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் போட்டு, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை...

சகாயராணி கிட்டே போனாள். 

அது சாமி படம் இல்லை. அவள் கையாலேயே எழுதிக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டு!

'காலை: கஞ்சி ஒரு டம்ளர். மதியம்: குழைந்த ரசஞ்சாதம் இரண்டு கரண்டி. இரவு: கஞ்சி ஒரு டம்ளர். எண்ணெய் கூடாது. முட்டை, மீன் கூடாது.'

"எம்புருஷன் உசுர மீட்டுக் குடுத்த எழுத்து சார் அது," என்றாள் விஜயகுமாரி. "கெழிஞ்சிடக் கூடாதுன்னு மறுநாளே பிரேம் கடையில குடுத்துட்டேன். கும்புட்டுட்டுத்தான் அடுப்பே மூட்டுவேன்."

"நடிக்கிறா! நடிக்கிறா சார்!" என்று வள்ளிநாயகி பாய்ந்தாள்.

"நான் எதுக்கு அண்ணி நடிக்கணும்?"

சகாயராணி சீட்டின் அடிப்பக்கத்தைத் தேடினாள். இந்தச் சீட்டில் கடைசியாக ஒரு வரி எழுதினாளே... சிவப்பு மையில்... எங்கே அது?

தேக்குச் சட்டம் அந்த இடத்தைப் பூராவும் மூடியிருந்தது!

"சரி, நேரமாவுது." எஸ்.ஐ. தொண்டையைச் செருமினார். "மேடம், கடைசியா ஒரு கேள்வி. ரெண்டு தடவ இந்த வூட்டுக்கு வந்திருக்கீங்க. நிறுத்திருக்கீங்க. அவரு நல்லா இருந்தாரு. சரிதானே? ஆமான்னு சொல்லுங்க. இந்தம்மாவ ஜீப்புல ஏத்திடறேன்."

ஆமாம் என்று சொன்னால் வேலை தப்பிக்கும். மானம் தப்பிக்கும். விஜயகுமாரி ஜெயிலுக்குப் போவாள்!

சகாயராணி வாயைத் திறந்தாள். அதற்குள்...

"வந்தாங்க சார்!" என்றாள் விஜயகுமாரி. "ரெண்டு தடவயும் வந்தாங்க. நிறுத்தாங்க. நான் காபி கூட போட்டுக் குடுத்தேன்."

சகாயராணி திரும்பிப் பார்த்தாள். விஜயகுமாரி அவள் பக்கம் சாய்ந்து, காதோடு கிசுகிசுத்தாள்.

"போன்ல அக்கறையா கேட்டீங்களே, அதுவே எனக்குப் போதும் மேடம். வரலன்னு சொன்னா உங்க வேலைக்கு எதுனா ஆயிடப்போவுது. எங்களால உங்களுக்குக் கெட்ட பேரு வேணாம்."

அடிப்பாவி மகளே! உன் கழுத்துக்கே நீ கயிறு திரிக்கிறாயே!

சகாயராணிக்குள் என்னவோ உடைந்தது. கூலி வேலைக்குப் போன அப்பா பாகூரில் வெறும் கஞ்சியைக் குடித்தே கை கால் வீங்கிக் கிடந்தது ஞாபகம் வந்தது. அதைப் பார்த்துத்தானே இந்தப் படிப்பையே படித்தாள்? படித்து என்ன கிழித்தாள்?

"பொய்!" என்று கத்தினாள். "நான் வரல சார்! ஒரு தடவ கூட வரல! அறுபத்தாறும் பொய்... அறுபத்தஞ்சும் பொய்... உக்காந்த எடத்துலயே எழுதுனேன்!"

கூட்டம் கழுத்தை நீட்டியது.

சாமி அலமாரியிலிருந்து சட்டத்தை இறக்கினாள். ஆணிகளைப் பிடுங்கினாள். விரலில் ரத்தம். அட்டையோடு ஒட்டியிருந்த காகிதத்தை மெல்ல உரித்தெடுத்தாள்.

அடியில் சிவப்பு வரி: 'இது முதல் பத்து நாளைக்கு மட்டும். பின்பக்கம் பார்க்கவும்.'

திருப்பினாள். பசை அப்பிக் கிடந்தது. எழுத்து தெரிந்தது. சத்தமாகப் படித்தாள். 

"பதினோராம் நாளிலிருந்து... தினம் ஒரு முட்டை. வாரம் மூன்று நாள் மீன். சுண்டல், கீரை, தயிர்... வயிறார சோறு..."

விஜயகுமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்... அவரு முட்ட கேட்டாரு மேடம்! கொழந்தையாட்டம் அழுதாரு. 'ஒரே ஒரு முட்ட அவிச்சிக் குடு விஜயா'ன்னு கையப் புடிச்சாரு. மேடம் எழுத்த மீறக் கூடாதுன்னு கைய ஒதறிவுட்டேனே!"

இப்போதுதான் அவள் அழுதாள். வள்ளிநாயகி அடித்துக்கொண்டிருந்த கையை மார்பிலேயே வைத்தபடி நின்றாள். சகாயராணிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் போலிருந்தது.

"சார்... அவங்கள வுட்டுடுங்க. குத்தவாளி நான்தான். வெறுங்கஞ்சில சதை கரையும் சார். இருதயம் மட்டும் எதை வெச்சித் தேறும்?"

புகழ்வேந்தன் நிதானமாகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கஞ்சிப் பானையைத் திருப்பிக் கொடுக்கும்படி கான்ஸ்டபிளுக்குக் கண் காட்டினார்.

"அவங்களக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் வரவே இல்லயே மேடம்!"

"சார்...?"

"காலைலயே டாக்டர் ரிப்போர்ட் சொல்லிட்டாரு. ரத்தத்துல வெஷம் இல்ல. சோறுதான் இல்ல! அப்போ அறுபத்தஞ்சு எங்கேர்ந்து வந்திச்சி? காப்பில தேதியப் பாத்தேன். மொத விசிட்டு, தேர் அன்னிக்கி."

சகாயராணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தத் தொப்பி... அந்தக் குரல்...

"எடை மெஷின வண்டில கட்டிக்கிட்டு தெருமுன வரைக்கும் வந்தீங்க. விசில் ஊதி, 'திரும்பிப் போங்க மேடம்'னு கத்துனதே நான்தான்! நீங்க திரும்பி வருவீங்கன்னு நெனச்சேன். நானும் சாயங்காலம் வரைக்கும் அங்கதான் நின்னேன்."

"அப்போ... போன்ல சாட்சின்னு..."

"வாயத் தொறப்பீங்களான்னு பாத்தேன். தொறந்துட்டீங்க. நாளைக்கி டேஷனுக்கு வந்து, இதே மாதிரி எழுத்துல குடுங்க."

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். பெரிய டாக்டரிடமும் எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஆராய்ச்சியில் கோவிந்தராஜ் பெயருக்கு நேரே இருந்த 'நலம்' அடிக்கப்பட்டது.

ஐந்தாம் நாள். ஆஸ்பத்திரி வார்டு.

விசிட்டர் சீட்டு வாங்கிக்கொண்டு, கூட வேலை பார்த்தவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே நுழைந்தாள் சகாயராணி. கோவிந்தராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. விஜயகுமாரி அவித்த முட்டையைப் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். வள்ளிநாயகி கையில் தண்ணீர்ச் செம்போடு ஓரமாக நின்றாள்.

"ஐயா..." சகாயராணி கட்டில் ஓரமாக வந்து நின்றாள். "மன்னிப்பு கேக்கறதுக்குக் கூட எனக்கு மூஞ்சி இல்ல."

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"மூணு மாசம் மேடம்," என்றார் மெல்ல. "பக்கத்து வூட்டு மீன்கொழம்பு வாசனைக்கி ஜன்னலாண்ட போயி நின்னு அழுதிருக்கேன். அறுவது வயசுல!"

சகாயராணி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் வார்டு தரையில் சொட்டியது.

"உங்கள நல்லா நாலு வார்த்த திட்டணும்னு இருக்கேன். இப்போ தெம்பு இல்ல. இன்னும் ஒரு அம்பது முட்ட உள்ள போவட்டும். அடுத்த மாசம் வூட்டுக்கு வாங்க, வெச்சிக்கறேன் கச்சேரிய."

"கட்டாயம் வரேங்க ஐயா."

கோவிந்தராஜ் ஒட்டிய கன்னத்தோடு சிரித்தார்.

"நெசமாவே வரணும் மேடம்! வந்து திட்டு வாங்கிட்டுப் போனதா ஃபைல்ல எழுதிட்டு வுட்டுடாதீங்க!"