சீக்கிரம் வந்த பக்கம்

1999, ஜூன் 10, வியாழன். காலை 10.20.

"என் சீட்டு போயிடுத்து மாமா!"

கச்சேரி சாலையில் வேதாந்தத்தின் மாடி பிரவுசிங் சென்டரில் சாருலதா போட்ட கூச்சலுக்கு, கீழே காபி குடித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் தேவானை தம்ளரை வைத்துவிட்டு மேலே ஓடி வந்தார்.

விஷயம் இதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சாருலதாவுக்கு முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் அவளது பாஸ்வேர்டைப் போட்டு, 'எனக்கு இடம் வேண்டாம்' என்று யாரோ பதிந்துவிட்டார்கள். மாலை ஏழரைக்கு அங்கே அலுவலகம் திறந்ததும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"அம்மாகிட்டகூடச் சொல்லலை. கீபோர்டைத் துப்பட்டாவால மூடிண்டுதான் அடிப்பேன்."

"இன்னிக்கு முன்னாடி கடைசியா எப்போ அடிச்சே?"

"திங்கட்கிழமை, பதினொண்ணே கால். இதே மெஷின்."

"ஒயர்ல போறப்போ எவனாவது படிச்சிருப்பானா?"

சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அச்யுத் மறுத்தான். "சான்ஸே இல்ல மேடம். திரைக்குக் கீழே பூட்டுப் படம் மூடியிருந்தா, போறதெல்லாம் குழப்பிவிட்ட எழுத்து. நடுவுல யார் புடிச்சாலும் புரியாது. அதனாலதான் அந்தப் பக்கம் வர லேட்டாகும்."

எவ்வளவு லேட்? அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் ஏக்கமுமாக வருகிறது. மோடம் கீச்கீச்சென்று கத்தி முடித்து, பூட்டுப் போட்ட பக்கம் ஒன்று வருவதற்குள் மாடிப்படி இறங்கிக் காபி குடித்துவிட்டே வந்துவிடலாம். சாருலதா எப்போதும் அதைத்தான் செய்வாள்.

"திங்கட்கிழமையும் காபிக்குப் போனியாம்மா?"

"இல்லை. க்ளிக் பண்ணின உடனே வந்துடுத்து. ஆனா பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லித்து. அரைமணி கழிச்சு மறுபடி போட்டேன். பழையபடி மெதுவாத்தான் வந்தது."

"முதல் தடவை பூட்டு மூடியிருந்துச்சா?"

"பார்க்கலையே... சீக்கிரம் வந்த சந்தோஷத்துல விட்டுட்டேன்."

"அன்னிக்கு நெட் பிச்சுக்கிட்டுப் போச்சு மேடம். நானே பார்த்தேன்," என்றான் அச்யுத்.

தேவானை வேதாந்தத்திடம் திரும்பினார். "அப்ப நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க சார்?"

"மச்சினனோட போன்ல பேசிண்டிருந்தேன். பதினொண்ணு பத்துக்குப் பிடிச்சான், அரைமணி விடலை."

"போன் லைன் எத்தினி கீது?"

"ஒண்ணுதான். மோடம் ஒயரைப் பிடுங்கிட்டுத்தான் பேசணும். எப்பவும் 'லைன் கட்'னு கத்துவேன். அன்னிக்கு மறந்துட்டேன்."

10.50.

தேவானை அச்யுத்தின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"லைனே இல்லாதப்போ பக்கம் எப்படிப்பா வந்துச்சு? அது அமெரிக்காவுலேருந்து வரல. இந்தப் பொட்டிக்குள்ளேருந்தே வந்துச்சு. அச்சு அசலா ஒரு போலிப் பக்கம் செஞ்சு உள்ள வச்சிருந்தே. அது பாஸ்வேர்டை வாங்கி வச்சுக்கினு, தப்புன்னு சொல்லிடுச்சு. நெஜப் பூட்டை யாரும் ஒடைக்கல. பூட்டே இல்லாத கதவைக் காட்டி இந்தப் பொண்ணை ஏமாத்திட்டே. பிடுங்கிப் போட்ட ஒயர்ல நெட் பறந்ததை நீ மட்டும்தான் பார்த்திருக்கே!"

அச்யுத் கண்ணைக் கசக்கினான். "வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த பேர் என்னுது மேடம்."

"அழுவறது அப்புறம். நடந்ததை அவங்களுக்கு எழுது."

அவன் எழுதினான். சாருலதா பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் தட்டினாள். அது அங்குலம் அங்குலமாக வந்தது. அன்று யாரும் காபிக்கு இறங்கவில்லை. பூட்டு மூடியதைப் பார்த்த பிறகுதான் அவள் கடிதத்தை அனுப்பினாள்.

இரவு 7.50-க்குப் பதில் வந்தது. இடம் அவளுக்குத்தான்.

இன்று எல்லாப் பக்கமும் பூட்டோடு, இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. சாருலதா வருடம் தவறாமல் ஜூன் பத்தாம் தேதி தேவானைக்கு மின்னஞ்சல் அனுப்புகிறாள். ஓய்வுபெற்ற தேவானை அதைத் திறக்கும்போது முதலில் திரையில் பூட்டைப் பார்ப்பார். பிறகு, இது இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்வார்.