சாங்கியில் திரும்பாத நட்சத்திரம்

மார்சிலிங்கில் நட்சத்திரம் பதினான்கு நொடியில் திரும்பிவிட்டது. சாங்கியில் திரும்பவில்லை.

சிவானி மார்சிலிங்கில் தன் பன்னிரண்டாம் மாடி வீட்டுச் சமையலறை ஜன்னலில் தொலைநோக்கியை வைத்திருந்தாள். தம்பி திலீப், தேக்காவில் போன் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, இன்னொரு தொலைநோக்கியோடு சாங்கிக் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். நெப்டியூனுக்கும் அப்பால் சுற்றும் ஒரு பனிப்பாறை இன்று இரவு ஒன்பது மணிக்கு அந்த நட்சத்திரத்தை மறைத்துக் கடக்கும் என்பது கணிப்பு. எந்த இடத்தில் எத்தனை நொடி மறைந்தது என்று கணக்குப் போட்டால் பாறையின் அளவு தெரிந்துவிடும். திலீப்புக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாது. மார்ச்சில் அம்மா போனதிலிருந்து அக்கா வாய் திறந்து பேசுவது இந்த நொடிகளைப் பற்றி மட்டும்தான் என்பதால் வந்திருந்தான்.

போன் ஸ்பீக்கரில் கடல் இரைந்தது.

“இன்னும் வரலக்கா.”

“மேகமா?”

“இல்லக்கா. பக்கத்துல இருந்த ரெண்டு நட்சத்திரமும் காணோம்.”

அவன் தொலைநோக்கியில் பொருத்திய கேமராவில் விழுவது அவள் லேப்டாப்பிலும் ஓடியது. எதிர் வீட்டில் யாரோ பெலாச்சான் இறால் விழுதை வதக்கும் வாடையும், கீழே கடைசி நிறுத்தத்தில் பஸ் பெருமூச்சு விடும் சத்தமும், மின்விசிறியின் தடக் தடக்கும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்க, திரையில் நட்சத்திரங்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தன.

பாறையின் நிழல் பல நூறு கிலோமீட்டர் அகலம்; மார்சிலிங்குக்கும் சாங்கிக்கும் இடையே இருபத்தைந்துகூட இல்லை. மார்சிலிங்கை விட்டு விலகினால் கையோடு சாங்கியையும் விட்டு விலகியாக வேண்டும். அப்படியானால் அங்கே மறைப்பது பாறை இல்லை. பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. இது அவளுக்கு உடனே புரிந்தது. பயம் வந்திருக்க வேண்டும். மரத்துப்போன காலைக் கிள்ளியதுபோல் ஒன்றும் உறைக்கவில்லை.

“அக்கா, கப்பல் லைட்டெல்லாம் ஒண்ணொண்ணா போகுது லா. நான் கிளம்பட்டா?”

“அசையாத டா. மணல்ல ஒரு எட்டு வச்சாலும் படம் ஆடிடும். நட்சத்திரம் வரட்டும்.”

“சரிக்கா.”

அலைச் சத்தம் நின்றது. விமானங்களின் இரைச்சலும் இல்லை. அவன் மூச்சு மட்டும்.

“குளிருதுக்கா.”

சிங்கப்பூரில். காற்றில்லாத இரவில்.

எண்ணிக்கொண்டிருந்த நொடிகள் அவளுக்குத் தவறின. மாதக்கணக்கில் வராத பயம் மொத்தமாக வந்தது. இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் இருப்பது இவன் ஒருவன்தான்.

“ஓடுடா! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடு! திலீப்!”

ஸ்பீக்கரில் இப்போது மூச்சும் இல்லை.

திரையின் கறுப்புக்கு நடுவில், நட்சத்திரம் இருந்த அதே இடத்தில், ஒரு புள்ளி. சிவப்பு.

பெரிதாக்கினாள்.

இருட்டில் கண் கூசாமலிருக்க நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. அதற்குக் கீழே திலீப்பின் முகம். கண் திறந்திருந்தது.

தொலைநோக்கி இன்னமும் அண்ணாந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே அவன், அக்கா சொன்னபடி கொஞ்சமும் அசையாமல், உட்கார்ந்த வாக்கிலேயே, மெல்ல மெல்லச் சிறிதாகிக்கொண்டே போனான்.