மஞ்சிட்டி கொதிக்கும் முன்

"நில்லுங்க! அந்தக் கடப்பாரையோட உள்ள வராதீங்க!"

வந்தவன் அப்படியே நின்றான். ஒரு கால் சாயக் கொட்டகையில், ஒரு கால் மழையில்.

"மழைக்கு ஒதுங்கலாம்னு..."

"நீங்க ஒதுங்குங்க. அது வெளியில கிடக்கட்டும். இரும்பைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துடும்."

அவன் கடப்பாரையைச் சேற்றில் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் வந்தான். புருவத்திலிருந்து நீர் வடிந்தது. அதற்குக் கீழே, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள்... யம்னா பார்வையை அண்டாவுக்குத் திருப்பினாள். படிகாரத்தில் ஊறிய கம்பளி நூல் மஞ்சிட்டி வேர்ச்சாற்றில் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. துளி இரும்புத்துரு பட்டாலும் அந்தச் சிவப்பு கறுத்துவிடும்.

பெயர் ஹம்மு. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன். கீழூரில் கிணறு தோண்ட வந்தவன். இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொன்னான். பிறகு தயங்கினான்.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

அண்ணி கெல்தூமா யம்னாவின் விலாவில் இடித்தாள்.

அந்த ஊரில், சாய அண்டா அடுப்பில் இருக்கும்வரை பெண்கள் உண்மை பேச மாட்டார்கள். பொய் சொன்னால்தான் நிறம் பிடிக்கும். ஓர் உண்மை போதும், நூல் சாயத்தை உதறிவிடும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் தெரியாது. அவனிடம் விளக்கவும் முடியாது... விளக்கம் உண்மையாயிற்றே.

"என் புருஷன் உள்ள தூங்குறார்," என்றாள் யம்னா.

"நாலு பிள்ளைங்க," என்றாள் கெல்தூமா. "நாலுக்கும் இவ மூக்கு."

ஹம்முவின் கண்கள் தரைக்குப் போயின. அப்புறம் நிமிரவே இல்லை. கொடுத்த தேநீரைத் தரையைப் பார்த்தே குடித்தான். மழை விடாமலே கிளம்பினான். யம்னா ஒரு கம்பளி அங்கியை நீட்டினாள்.

"போட்டுக்கிட்டுப் போங்க. எங்ககிட்ட இது மாதிரி நிறைய இருக்கு."

வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

நூல் மாதுளம்பூ நிறத்தில் வந்தது. கெல்தூமா அதைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நல்லாத்தான் பொய் சொல்ற. ஆனா முகம் ஏன் இப்படி இருக்கு?"

"புகை, அண்ணி."

"அண்டாவ இறக்கியாச்சு. இன்னுமா பொய்?"

தறியில் பாதிக் கம்பளம் நின்றது. அதை முடிக்க இன்னும் ஓர் அண்டா நூல் வேண்டும், அதே சிவப்பில். கொஞ்சம் மாறினாலும் பார்க்கிற பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். யம்னாவுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலும் பேர் அந்தச் சிவப்பால்தான். மிச்சமிருந்த வேர் ஒரு தடவைக்குத்தான் காணும். தோட்டத்தில் இருந்தது இளவேர். அது முற்ற வருஷங்கள் ஆகும்.

வெயில் வந்ததும் அந்தக் கடைசி வேரை அண்டாவில் போட்டார்கள். நூல் பாதி சிவந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

அவன்தான். மடித்த அங்கி கையில்.

"கிணத்துல தண்ணி வந்துடுச்சு. ஊருக்குக் கிளம்பிட்டோம். லாரி கீழ நிக்குது." அங்கியைச் சுவர் மேல் வைத்தான். "உங்க வீட்டுக்காரர்கிட்ட நன்றின்னு சொல்லிடுங்க."

"சொல்லிடுறோம்," என்றாள் கெல்தூமா. "ஒட்டகம் வாங்கப் போயிருக்கார்."

ஹம்மு திரும்பினான். ஓரடி வைத்து நின்றான்.

"அவர்... உங்கள நல்லா வெச்சிருக்காரா?" சட்டென்று முகம் சிவந்தது. "மன்னிச்சிடுங்க. நான் கேட்டிருக்கக் கூடாது."

இந்த முறை அவன் கண்கள் தரையில் இல்லை.

நல்லா வெச்சிருக்கார்... அந்தப் பொய் போதும். நூல் தப்பிவிடும். இவன் மலையைத் தாண்டிவிடுவான். அண்டாவை இறக்கியபின் லாரிக்குப் பின்னால் ஓடுவதா? யம்னாவா? ஊர் சிரிக்கும். கீழே ஹாரன் அடித்தது.

"இல்ல," என்றாள்.

"அடியே யம்னா!" கெல்தூமா அலறினாள்.

"எனக்குப் புருஷனே இல்ல. பிள்ளைங்களும் இல்ல. அங்கி எங்க அண்ணனோடது."

ஹம்மு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ அன்னைக்குச் சொன்னது?"

"சாயத்துக்காகச் சொன்னது. அண்டா அடுப்புல இருந்தா நாங்க உண்மை பேச மாட்டோம். பேசினா நிறம் பிடிக்காது."

அவன் முகம் இறுகியது. "அடுத்தவன் பொண்டாட்டியப் பார்த்துட்டோமேன்னு நான் தூக்கமில்லாம கிடந்தேன். நீங்க ரெண்டு பேரும் இங்க சிரிச்சீங்களா?"

"அண்ணி சிரிச்சாங்க. நான் சிரிக்கல."

அவன் ஓரடி உள்ளே வந்தான். அண்டாவைப் பார்த்தான். அதன் கீழே எரிந்த விறகைப் பார்த்தான்.

"இப்பவும் அடுப்புலதானே இருக்கு?"

யம்னா அண்டாவை எட்டிப் பார்த்தாள். பேச்சில் யாரும் விறகை வெளியே இழுக்கவில்லை. அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சிட்டியைக் கொதிக்க விடக் கூடாது. கெல்தூமா ஓடிப்போய்க் கோலால் நூலைத் தூக்கினாள். செங்கல் நிறம். சிவப்பு போயே போய்விட்டது.

"உண்மை பேசினா இப்படித்தான்!" கோலைத் தொப்பென்று போட்டாள். யம்னாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "கெட்டது கெட்டுப் போச்சு. மீதியையும் சொல்லித் தொலை."

ஹாரன் மறுபடி அடித்தது... நீளமாக.

"நீங்க போகாதீங்க," என்றாள் யம்னா. "அன்னைக்கு தரையப் பார்த்தே தேநீர் குடிச்சீங்களே... அப்பவே உங்களப் பிடிச்சுப் போச்சு."

ஹம்மு வாசலுக்கு ஓடினான். மேட்டின் விளிம்பில் நின்று, கீழே லாரியைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினான்.

"நீங்க போங்கடா!" என்று கத்தினான். "நான் வரல!"