இரண்டாம் பாதி அரசன்

"அங்கிள், கொஞ்சம் பொறுங்கோ. இந்த அம்மாவுக்கு மருந்து குடுத்திட்டு வாறன்."

கஸ்பர் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை. அங்கிள் அவன்தான்.

"நான் அங்கிள் இல்லை."

"தாடி வேற மாதிரியெல்லோ சொல்லுது..."

"தாடி என்ர இல்லை."

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்ற பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள். சிரிப்பு முதலில் கண்ணுக்கு வந்தது. உதட்டுக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது... வெள்ளை அங்கியில் ஷாமிலா என்று பெயர் குத்தியிருந்தது. வெளியே, ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதி முழுவதும் மழை. உள்ளே, நெஞ்சு வரை தொங்கும் நரைத்த தாடியோடு முப்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன்.

"பசை," என்றான். "கழட்டேலாமல் கிடக்கு. சவர்க்காரம் போட்டுப் பாத்தன். சுடுதண்ணியும் போட்டன்."

"ஆர் ஒட்டினது?"

"மச்சான். வீடு கட்டுற வேலை செய்யிறவன். எதையும் கொஞ்சமாப் பூசத் தெரியாது."

"ஓடு ஒட்டுற பசை இல்லைத்தானே?"

"பொய்முடிக்கு ஒட்டுறது எண்டுதான் சொன்னவன்."

"தப்பினீங்கள். அந்தக் கதிரையில இருங்கோ."

இரத்த அழுத்தம் பார்க்கும் கதிரை அது. பிள்ளைகளுக்குத் தடவும் எண்ணெய்ப் போத்தலோடும் பஞ்சோடும் வந்தாள். காது ஓரத்திலிருந்து தொடங்கினாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. அவன் சுவரில் இருந்த சளிக்காய்ச்சல் ஊசி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எரியுதோ?"

"தெரியேல்லை."

"தெரியேல்லையோ? தோல் செக்கச்செவேல் எண்டு கிடக்கு!"

உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்சக் காலமாக அப்படித்தான். பல்லு வலி, பனிக்குளிர், அடுப்பில் சுட்ட விரல்... எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடப்பதுபோல இருந்தன.

"சரி, ஆர் நீங்கள்? கிறிஸ்மஸ் தாத்தாவெண்டால் இன்னும் கன மாசம் கிடக்கு."

"போர்த்துக்கல் ராசா."

அவள் கை நின்றது.

"கூத்து," என்றான். "கோயில் திருவிழாவுக்கு. அந்தோனியோ எண்டு ஒரு ராசா. ஸ்பெயின்காரன் படையோட வந்து நாட்டைப் பிடிச்சிட்டான். இவர் ஓடிப்போட்டார். பிரான்ஸ், இங்கிலாந்து எண்டு அலைஞ்சு, கொண்டு போன நகையெல்லாம் அடகு வைச்சு, கடைசியாப் பாரிஸில செத்தார். சாகுமட்டும் நான்தான் ராசா எண்டு சொன்னவர்."

"எவ்வளவு காலம் ஆண்டவர்?"

"சில கிழமை."

"சில கிழமைக்கு இவ்வளவு தாடியோ!"

"தாடி அகதியான பிறகு வளந்தது."

அவள் சிரித்தாள். கடை அதிரவில்லை, ஆனால் மருந்துக்கு நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"ராணி இல்லையோ?"

"கலியாணம் கட்டேல்லை. மடத்துத் தலைவரா இருந்தவர். ஆனா பிள்ளைகள் இருந்தவை."

"ஐயோ! உங்கட கோயில் ஃபாதர் என்ன சொன்னவர்?"

"பிள்ளைகளை மேடையில ஏத்த வேண்டாமெண்டவர்."

ஒரு பக்கத் தாடி கையோடு வந்தது. அவள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவனுடைய மோதிரத்தைப் பார்த்தாள். "வைஃப் பாத்துப் பயந்திருப்பா..."

"அவ இல்லை. செத்துப் போயிட்டா."

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு முகம் வைப்பார்கள். கஸ்பருக்கு அந்த முகம் மனப்பாடம். அவள் அதை வைக்கவில்லை. புதுப் பஞ்சை எண்ணெயில் தோய்த்தாள்.

"மற்றக் கன்னத்தைக் காட்டுங்கோ."

வேதத்தில் இருக்கிற வசனம். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. கண்களை அகல விரித்தாள்... கஸ்பருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சிரிப்பு என்று பிறகுதான் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு கன்னம் எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

*

அடுத்த வாரம் தடிமன், சளி என்று குளிசை வாங்கப் போனான். அதற்கடுத்த முறைகளெல்லாம் சம்போ.

"இது மூண்டாவது சம்போ," என்றாள் ஷாமிலா. "உங்கட தலையில அவ்வளவு மயிர் இல்லை."

"ராசாவுக்கு நீட்டு முடி."

"வேலை அஞ்சு மணிக்கு முடியும். பக்கத்தில கோப்பிக் கடை இருக்கு. சம்போ வாங்காமலும் கதைக்கலாம்."

கதைத்தார்கள். அவள் மன்னார்ப் பிள்ளை, பெற்றோர் பக்கத்து ஒஷாவா நகரில். வீட்டில் பார்த்த இரண்டு மாப்பிள்ளைகளையும் வேண்டாமென்று சொன்னவள். "ரெண்டு பேரும் என்ர சம்பளத்தைத்தான் முதல் கேட்டவை," என்றாள். அவன் மார்க்கம் நகரில் கட்டட வரைபடம் வரைகிறவன். மனைவி கிறிஸ்ரினா காலையில் வேலைக்குப் போனவள், மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்தார்கள். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொன்னான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. இன்னும் கிறிஸ்ரினாவின் தாய் வீட்டு நிலக்கீழ் அறையில்தான் இருக்கிறான். மாமி சமைப்பா. கிறிஸ்ரினாவின் தம்பி அலெக்ஸாண்டர், அத்தான் அத்தான் என்று மேல்மாடியிலிருந்து கூப்பிடுவான். அவனுக்கென்று இந்த நாட்டில் இருக்கிற வீடு அதுதான்... அந்தக் கூப்பிடுதலும்தான்.

கூத்துக்கு இந்த ராசாவின் கதையைக் கொண்டு வந்ததும் அலெக்ஸாண்டர்தான். வேலையிடத்தில் போர்த்துக்கேய மேற்பார்வையாளர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரம் சொன்ன கதை. "அகதியா அலைஞ்ச ராசா, அத்தான். எங்கட சனத்துக்கு உடனே விளங்கும்," என்றான். எழுதி, பாட்டுக் கட்டி, கிறிஸ்ரினாவின் நினைவுக்கு வீட்டார் உபயமாக மேடையேற்றுவதென்று முடிவாயிற்று.

கஸ்பர் ஷாமிலாவுக்கு ராசாவைப் பற்றி இன்னொன்று சொன்னான். "தோத்த பிறகு அவர் கனமாசம் நாட்டுக்குள்ளேயே ஒளிச்சிருந்தவர். தலைக்குப் பெரிய விலை வைச்சிருந்தாங்கள். ஒருத்தரும் காட்டிக் குடுக்கேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும்."

அவள் கோப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "நானெண்டால் காட்டிக் குடுத்திருப்பன். ரொறொன்ரோவில வீடு என்ன விலை எண்டு தெரியும்தானே." பிறகு மெல்ல, "பகிடிக்குச் சொன்னனான்," என்றாள். கண்ணை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே மழை கார்களின் மேல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது...

*

பிழை ஒத்திகையில் நடந்தது.

கோயில் மண்டபத்தின் கீழ்த்தளம். மத்தளம் அடித்துக்கொண்டிருந்தது. மாமி ஒரு மூலையில் அரசனின் சால்வைக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்தா. ஷாமிலா சொல்லாமல் வந்தாள், ஒரு கையில் எண்ணெய்ப் போத்தல், மறு கையில் ஒரு பெட்டி ரோல்ஸ். மழைத்துளி முடியில் மின்னியது. கஸ்பரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை மண்டபம் முழுவதும் பார்த்தது.

மாமியும் பார்த்தா. ஊசி நின்றது.

"ஆர் அத்தான் உது?" என்றான் அலெக்ஸாண்டர்.

கஸ்பர் மாமியைப் பார்த்தான். மாமியின் மடியில் சால்வை, சால்வையின் ஓரத்தில் கிறிஸ்ரினாவின் பெயரை நூலால் எழுதத் தொடங்கியிருந்தா.

"பாமசியில வேலை செய்யிற பிள்ளை," என்றான். "தாடிக்கு எண்ணெய் கொண்டு வந்தவ. வேறொண்டும் இல்லை."

ஒரே ஒரு கணம்தான். ஷாமிலாவின் முகத்தில் வெளிச்சம் அணைந்ததைக் கண்டான். அவள் போத்தலை மேசையில் வைத்தாள்.

"ஓம் அண்ணை. டெலிவரி," என்று அலெக்ஸாண்டரைப் பார்த்துச் சொன்னாள். "ரோல்ஸ் சூடா இருக்கேக்க சாப்பிடுங்கோ."

படியேறிப் போய்விட்டாள். பின்னால் போகவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. கால் எழவில்லை. அன்று மாலை அழைத்தான். எடுக்கவில்லை. மருந்துக்கடைக்குப் போனான். வேறொருவர் நின்றார். ஒரு செய்தி மட்டும் வந்தது: "எனக்குக் கோவம் இல்லை. என்னை ஆரெண்டு நீங்கள் முடிவு செய்யுங்கோ. அதுவரைக்கும் சம்போ வேற கடையில வாங்குங்கோ."

மூன்று தடவை வாசித்தான். வலித்தது. வலிக்கிறதே என்று ஒரு பக்கம் வியப்பாகவும் இருந்தது...

*

திருவிழா ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். மண்டபம் நிறைந்திருந்தது.

பெரிய வேடத்தை இந்தக் கூத்தில் ஒருவரே முழுக்க ஆடுவதில்லை. அரசன் ஒருவன், ஆடுகிறவர் இருவர். முற்பாதி அலெக்ஸாண்டர்: முடிசூட்டு, கொலு, போர். பிற்பாதி கஸ்பர்: ஓட்டம், ஒளிப்பு, அந்நிய நாடு. மாறும் இடத்தில் இருவரும் மேடையில் எதிரெதிரே நிற்பார்கள். முதலாம் அரசன் மணிமுடியைக் கழற்றி இரண்டாம் அரசனின் தலையில் வைப்பான். வைத்துவிட்டுப் போவான். இரண்டாமவன் வந்து நிற்காமல் முதலாமவன் தோற்க முடியாது. அதுதான் முறை.

கஸ்பர் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தான். கடைசி வரிசையில் ஷாமிலா.

ஏன் வந்தாள்? ராசாவின் முடிவு என்னவென்று பார்க்கவா? அவனுடைய முடிவு என்னவென்று பார்க்கவா? நீலச் சேலை. கைகளைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்தாள். அலெக்ஸாண்டர் வாளைச் சுழற்றிப் போருக்குப் புறப்பட்டான். சபை கைதட்டியது. அப்போது அவள் எழும்பினாள். கைப்பையைத் தோளில் போட்டாள். இரண்டாம் அரசன் வருவதற்கு முன் போய்விட வேண்டும் என்று நினைத்தவள்போல வாசலை நோக்கி நடந்தாள்.

இந்த முறை கால் எழுந்தது.

பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். வெல்வெட் உடுப்பு, சால்வை, தாடி... கார்த் தரிப்பிடத்தில் மழை கொட்டியது.

"ஷாமிலா!"

அவள் திரும்பினாள். கார்த் திறப்பு கையில் இருந்தது. "உள்ளுக்குப் போங்கோ. உங்கட பாட்டு வரப்போகுது."

"நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும்."

"பயம். உங்களை ஆரெண்டு சொன்னால், அந்த வீட்டில நான் ஆரெண்டு தெரியாமல் போயிடும். அலெக்ஸ் பிறகு என்னை அத்தான் எண்டு கூப்பிடுவானோ தெரியாது. மாமி... கிறிஸ்ரினா போன பிறகும் எனக்குச் சோறு போட்ட மனுசி."

ஷாமிலாவின் இமையில் மழை தங்கி நின்றது.

"வேற ஆக்கள் இல்லை எனக்கு. அதுதான். ஆனா உங்களை... எனக்கு..."

"நிப்பாட்டுங்கோ." அவள் கையை உயர்த்தினாள். "மழைக்கு நடுவில, ஒருத்தருக்கும் கேக்காத இடத்தில சொல்லுறது சுகம், கஸ்பர். எனக்கு அது வேண்டாம். உள்ளுக்குச் சொல்லுங்கோ. அங்க சொல்லேலுமெண்டால் பிறகு என்னட்டச் சொல்லுங்கோ."

உள்ளே மத்தளம் விடாமல் அடித்தது. அவள் காது கொடுத்தாள்.

"என்ன, இன்னும் சண்டை முடியேல்லையோ?"

"முடியாது. நான் போனால்தான் அவன் தோக்கலாம்."

உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்கத்தான். "அப்ப ஓடுங்கோ! அந்தப் பாவம் களைச்சு விழப்போறார்!"

*

மேடையில் அலெக்ஸாண்டர் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். தோற்க வேண்டிய போரில் ஸ்பெயின் படை முழுவதையும் வெட்டிச் சாய்த்துவிட்டான். வெட்ட ஆளில்லாமல், விழுந்தவர்களை எழுப்பி மறுபடியும் வெட்டிக்கொண்டிருந்தான். கூத்தை நடத்தும் அண்ணாவியார் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நல்ல சந்தோசம்.

கஸ்பர் நனைந்த சால்வையோடு மேடையேறினான். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். பின்பாட்டுக்காரர் உரக்க எடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் அலெக்ஸாண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"எங்க அத்தான் போனனீங்கள்? கை விட்டுப் போச்சு எனக்கு!"

"அந்தப் பிள்ளையிட்டப் போனனான்."

"எந்தப் பிள்ளை?"

"எண்ணெய் கொண்டு வந்த பிள்ளை. எனக்கு அவவில விருப்பம், அலெக்ஸ்."

அலெக்ஸாண்டரின் கை மணிமுடியில் இருந்தது. அங்கேயே நின்றது. பின்பாட்டு முடிந்து மீண்டும் தொடங்கியது. அக்காளின் சாயல் உள்ள முகம்; அதே புருவம். கஸ்பர் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போகிறது என்றால் போகட்டும், இப்போதே...

"அண்டைக்கு வேறொண்டும் இல்லை எண்டு சொன்னீங்கள்."

"பொய் சொன்னனான்."

"அது அண்டைக்கே எல்லாருக்கும் தெரியும்," என்றான் அலெக்ஸாண்டர். குரல் உடைந்திருந்தது. மேடைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. முடியைக் கழற்றினான். கஸ்பரின் தலையில் வைத்து, கோணலாக இருந்ததை நேராக்கினான். "ரோல்ஸ் நல்லா இருந்தது. அம்மாவுக்கு நான் சொல்லட்டோ, அத்தான்?"

அத்தான்.

"இல்லை," என்றான் கஸ்பர். "நான் சொல்லுறன்."

முதலாம் அரசன் போனான். இரண்டாம் அரசன் பாடத் தொடங்கினான்.

கூத்து முடிந்து சனம் தேநீருக்குக் கலைந்தபோது, மாமி முன்வரிசையில் தனியாக இருந்தா. பக்கத்துக் கதிரையில் கைப்பை. கஸ்பர் தாடியோடேயே நடந்து வந்தான். ஒரு பக்கத்தில், திரும்பி உள்ளே வந்திருந்த ஷாமிலா, சேலை இன்னும் ஈரமாக. அலெக்ஸாண்டரிடம் சொல்லிவிட்டதை மட்டும் வரும் வழியில் அவளிடம் சொல்லியிருந்தான்.

"மாமி. இது ஷாமிலா. எனக்கு விருப்பமான பிள்ளை. அண்டைக்கு நான் மறைச்சுப்போட்டன்."

மாமி அவனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தா, நெடுநேரம். மூக்கை உறிஞ்சினா. பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்தா. கதிரை வெறுமையாயிற்று.

"இருங்கோ பிள்ளை."

ஷாமிலா இருந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"எனக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை அன்ரி. உங்கட மகனுக்குச் சொல்லியாச்சு, உங்களுக்குச் சொல்லியாச்சு... கடைசியாத்தான் நான்."

மாமி நிமிர்ந்து மருமகனைப் பார்த்தா.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? சொல்லுங்கோவன்."

கஸ்பர் சொன்னான்.