ஆயிரத்து நூற்று நாற்பத்து நாலு விநாடி

புள்ளி என்பது அவளுடைய பட்டப்பெயர். ஒருமுறை கணக்குப் பரீட்சையில் தசமப் புள்ளி வைக்க மறந்து, ஒரு பூனையின் எடை நாற்பத்திரண்டு கிலோ என்று எழுதிவிட்டாள். அன்றிலிருந்து ஆறாம் வகுப்பில் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

இந்த வருடம் பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவள் அவள்தான். ஒவ்வொருவரும் கோட்டைத் தாண்டும்போது விளையாட்டு சார் விநாடிகளைச் சொல்வார். புள்ளி அதைக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். எல்லாரையும்விடக் குறைந்த நேரத்தில் வந்தவரின் பெயர் பெரிய திரையில் வரும்.

காலையிலிருந்து ஏழு ஓட்டங்கள் முடிந்தன. ஏழிலும் திரை சரியாகச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய தோழி, 'கண்ணாடி' என்று பட்டப்பெயர் கொண்டவள், ஏதோ தானே எழுதியதுபோல எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக நடைப் போட்டி. ஓட முடியாத பிள்ளைகளுக்காக முதன்முறையாக வைத்திருந்தார்கள். மைதானத்தை இரண்டு சுற்று நடக்க வேண்டும். மூன்று பேர் கலந்துகொண்டார்கள். அதில் ஒருத்தி இரண்டு ஊன்றுகோல்களோடு நடப்பவள். தனக்குத் தானே 'புயல்' என்று பெயர் வைத்துக்கொண்டவள்.

புயல்தான் முதலில் கோட்டைத் தாண்டினாள்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தி நாலு," என்றார் விளையாட்டு சார். புள்ளி தட்டினாள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள்.

புயல் புல்லில் உட்கார்ந்து, சிவந்துபோன உள்ளங்கைகளை ஊதிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

'நடைப் போட்டி: வென்றவர் யாரும் இல்லை.'

மைக்கில் வாசித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை பாதியில் நிறுத்திவிட்டார்.

"நான்தானேப்பா முதல்ல வந்தேன்?" என்று புயல் தன் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டது புள்ளியின் காதில் விழுந்தது.

புள்ளி சட்டென்று எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடைக்கு ஓடினாள்.

"டீச்சர், கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"பரவாயில்லம்மா. பேரை நான் மைக்ல சொல்லிடுறேன்."

"அஞ்சு நிமிஷம் குடுங்க டீச்சர். ஜெயிச்ச எல்லார் பேரும் திரையில வந்துச்சு. அவ பேரும் வரணும்."

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு புயலைப் பார்த்தார். "சரி, போ," என்றார்.

புள்ளி திரும்பி வந்து உட்கார்ந்தாள். தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. போட்டி தொடங்கும் முன், 'இதுவரை குறைந்த நேரம்' என்ற இடத்தில் ஏதாவது ஒரு எண் இருக்க வேண்டும். அவள் 999 என்று போட்டிருந்தாள். அதைவிடக் குறைவான நேரத்தில் வருகிறவரைத்தான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். நடந்து வந்த மூன்று பேருமே 999-ஐத் தாண்டிவிட்டார்கள்.

"இன்னும் ரெண்டு ஒன்பது சேர்த்துடு. வேலை முடிஞ்சுது," என்றாள் கண்ணாடி.

"அதைவிட மெதுவா ஒருத்தர் வந்தா?"

"அவ்வளவு மெதுவா யாருடி வருவா? ஒரு நாளுக்கு மேல ஆயிடும்."

"அவ்வளவு மெதுவா யாரு வரப்போறாங்கன்னு நெனச்சுத்தான் 999-ம் போட்டேன்."

எந்த எண்ணைப் போட்டாலும் அதற்கு அப்பால் யாராவது ஒருவர் நடந்து வரலாம். அப்படியென்றால் எண்ணே போடக்கூடாது.

போன வாரம் விளையாட்டாகச் செய்து பார்த்த ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. ஒரு தசம எண்ணை இரண்டால் பெருக்கி, வந்ததை மறுபடி இரண்டால் பெருக்கி, அப்படியே போகவிட்டாள். ஆயிரம் தடவைக்குமேல் போனதும், அவ்வளவு பெரிய எண்ணைக் கம்ப்யூட்டரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. எண்ணுக்குப் பதிலாக, முடிவிலி என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைக் காட்டியது.

999-ஐ அழித்துவிட்டு அந்த மூன்று எழுத்துகளைத் தட்டினாள்.

"என்னடி இது?"

"முடிவிலி. நீ எந்த எண்ணைச் சொன்னாலும் இதைவிடச் சின்னதுதான்."

"கோடி?"

"சின்னது."

"கோடி கோடி?"

"சின்னது. கையை எடு, தட்டணும்."

மூன்று பேருடைய நேரத்தையும் மறுபடி போட்டாள். கடைசி விசையை அழுத்தினாள்.

திரையில் பெரிய எழுத்தில் புயலின் பெயர் வந்தது. அதன் கீழே 1144 விநாடி.

முதலில் கைதட்டியது விளையாட்டு சார். பிறகு கைதட்டல் மைதானத்தையே சுற்றி வந்தது. புயலின் அப்பா கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு இன்னொரு படம் பிடித்தார்.

மேடைக்கு நாலு படிகள். கை கொடுக்க வந்தவரிடம், "நானே வரேன்," என்றாள் புயல். ஒவ்வொரு படியாக ஏறினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கழுத்தில் பதக்கம் விழுந்ததும் மைக்கை எட்டிப் பிடித்து, "அடுத்த வருஷம் இதைவிடச் சீக்கிரம் வருவேன்," என்று அறிவித்தாள்.

கீழே கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்த புள்ளி வலிக்க வலிக்கக் கைதட்டினாள். அன்று அவள் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை, ஒரு பதக்கமும் வாங்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.