முறிந்து கிடந்த சுருள்வில்

பஞ்சலிங்கம் வேலிப் படலையைத் திறக்கும்போது வீட்டுக்குள்ளே பாட்டு இழுபட்டு, தேய்ந்து, நின்றுபோனது. அவர் படலையைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவிட்டது. அக்கா ஓடிப்போய்ப் பாட்டுப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தவர், அக்கா சின்னத்தங்கம் கிணற்றடியில் குனிந்து துணி அலசிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"இப்ப ஆர் அக்கா பெட்டியைச் சுத்தினது?"

"நான் வைச்சுப்போட்டு இங்கை வந்து எவ்வளவு நேரம். ஏன்?"

"நிண்டுபோய்த் திரும்பப் பாடுது."

"நிண்டால் நிண்டதுதான். அது எப்பிடித் தானாப் பாடும்? காத்துக்கு உனக்கு அப்பிடிக் கேட்டிருக்கும்," என்றாள் அக்கா, நிமிராமலே.

காற்று இருக்கவில்லை. வேலியோரத்துப் பனை வடலிகளில் ஒரு ஓலைகூட அசையவில்லை.

பஞ்சலிங்கம் சாவகச்சேரி நீதிமன்றத்தில் கிளாக்கர். மனைவி பராசக்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று அந்தப் பாட்டுப்பெட்டியையும் ஒரு தாலாட்டு இசைத்தட்டையும் வாங்கி வந்தார். பிள்ளை தங்கவில்லை. பிள்ளைப்பேற்றோடு அவளுக்கு வாதம் அடித்துவிட்டது. கையும் காலும் வாயும் போய், கண் மட்டும் மிஞ்சியது. அன்று தொடக்கம் அவள் உள்ளறைக் கட்டிலில் கிடந்தாள். பாட்டு ஓடினால் கண் அமைதியாக இருக்கும். நின்றால், மூடிய வாய்க்குள்ளிருந்து கிணற்றுக்கப்பி முனகுவதுபோல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் ஒருவராலும் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. ஆகவே பெட்டி பாடிக்கொண்டே இருந்தது.

இப்போது பெட்டிக்கும் நோய் வருத்தம் வந்திருந்தது. "பொம்மையும் உறங்குது, பூமியும் உறங்குது" என்று பாடும் அந்தப் பெண்ணின் குரல் இரண்டாவது அடியிலேயே களைத்து, தடித்து, ஆண் குரலாகி, பிறகு மாடு கத்துவதுபோலச் சரிந்துவிடும்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கட்டிலருகிலேயே நின்று கதைத்தாள்.

"உதைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு எடு தம்பி. திருத்தித் திருத்தி எத்தினை நாளைக்கு வைச்சிருக்கப்போறாய்?"

"திருத்தினால் இன்னும் கொஞ்சக்காலம் ஓடும் அக்கா. அவள் ஆசைப்பட்டு வாங்கினது."

"நான் பெட்டியை மட்டும் சொல்லேல்லை." அக்கா குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "மீசாலையிலை மார்க்கண்டற்றை மகள் குணலட்சுமி இருக்கிறாள். நல்ல பிள்ளை. இவள் இனி எழும்பமாட்டாள் எண்டு பரியாரியாரே கையை விரிச்சுப்போட்டார்."

"மெதுவாக் கதை அக்கா."

"அவளுக்கு என்ன விளங்கப்போகுது?"

மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பஞ்சலிங்கத்துக்கும் அது தெரிந்தது. ஆனால் குணலட்சுமியின் முகம், கோயிலில் ஒருநாள் பார்த்த முகம், அந்த நேரம் பார்த்து மனசுக்குள் வந்து நின்றது.

"முதல் பெட்டியைப் பாப்பம்," என்று மட்டும் சொன்னார்.

திரும்பியபோது பராசக்தி அக்காவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவே இல்லை.

மறுநாள் பெட்டியை வேட்டித்துண்டில் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகும் ரயில் கோச்சியில் ஏறினார். பெரியகடைத் தெருவில் மணிக்கூடும் தையல் மெசினும் பாட்டுப்பெட்டியும் திருத்துகிற நஸ்ருதீனின் கடையில் எண்ணெயும் பித்தளையும் மணத்தன. நஸ்ருதீன் திருகாணிகளைக் கழற்றி மேற்பலகையைத் தூக்கினார். பிறகு வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"கிளாக்கர் ஐயா, இது கடைசியா எப்ப பாடினது?"

"இண்டைக்குக் காலமையும் பாடினது நானா."

"பகிடி விடாதீங்க."

பெட்டியைத் திருப்பிக் காட்டினார். இசைத்தட்டுக்கு உயிர் கொடுக்கும் சுருள்வில் துண்டு துண்டாக முறிந்து அடியில் கிடந்தது. ஒவ்வொரு துண்டிலும் துரு பொருக்குத் தட்டியிருந்தது. எண்ணெய் காய்ந்து தார்போல இறுகி, அதற்குள் ஒரு சிலந்தி கூடுகட்டி, முட்டையிட்டு, செத்தும் போயிருந்தது.

"இது முறிஞ்சு வருசக்கணக்காகும். சுத்திப் பாருங்க."

பஞ்சலிங்கம் கைப்பிடியைச் சுற்றினார். பிடிப்பில்லாமல் வெறுமனே சுழன்றது. அந்த வெறுமை அவருடைய கைக்குப் புதிதல்ல. வருசக்கணக்காக இப்படித்தான் சுற்றியிருக்கிறார். பழசானால் இளகும் என்று நினைத்துச் சுற்றியிருக்கிறார்.

"தட்டுச் சுழண்டதைக் கண்ணாலை கண்டீங்களா?" என்று நஸ்ருதீன் கேட்டார்.

அவர் யோசித்தார். சன்னல் சாத்திய இருட்டறை. ஊசியை வைப்பார். வைத்த உடனே கட்டிலைத் திரும்பிப் பார்ப்பார், அவள் கண் அமைதியாகிறதா என்று. ஒருநாளாவது தட்டைப் பார்த்த ஞாபகம் இல்லை.

"சீமையிலை நடக்கிற சண்டையாலை கொழும்புக்கே வில்லு வாறதில்லை. திருத்திறதெண்டால் காத்திருக்க வேணும். புதுப்பெட்டி ஒண்டு நிக்குது. என்ன செய்யப் போறீங்க?"

"புதுசைத் தாங்கோ," என்றார் பஞ்சலிங்கம். "அதை இனி எனக்குத் திருப்பித் தரவேண்டாம்."

பொழுது சாய்கிற நேரம் சாவகச்சேரியில் இறங்கி, புதுப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒழுங்கை வழியே நடந்தார். வேலிக்கு வேலி அடுப்புப் புகையும் புளித்த கள்ளின் மணமும் தேங்கி நின்றன. எங்கோ மாட்டுவண்டில் ஒன்று அச்சு முனகப் போய்க்கொண்டிருந்தது. அந்த முனகல் தேய்ந்து மறைந்த இடத்தில், மெல்ல, ஒரு பெண் குரல் கேட்கத் தொடங்கியது.

பொம்மையும் உறங்குது.

அக்கா படலைக்கு வெளியே நின்றாள். சேலைத் தலைப்பைக் கடித்தபடி நின்றாள்.

"நீ பெட்டியைக் கொண்டுபோகேல்லையோ?" என்றாள்.

"கொண்டுபோனனான்."

அக்காவின் கண் அவர் கையிலிருந்த புதுப்பெட்டியில் விழுந்தது. "மத்தியானம் தொடக்கம், தம்பி," என்று மட்டும் சொன்னாள். "நிக்கேல்லை."

அவர் தனியே உள்ளே போனார்.

விறாந்தையில் விளக்கு ஏற்றியிருக்கவில்லை. உள்ளறை வாசலில் வாதத்துக்குப் பூசும் எண்ணெயின் கனத்த மணம் முகத்தில் அடித்தது. பெட்டி இருந்த மேசையில், தூசிக்கு நடுவே, பெட்டியின் அளவில் ஒரு சதுரம் மட்டும் சுத்தமாகக் கிடந்தது. இசைத்தட்டு அதன் உறைக்குள் இருந்தது.

பாட்டு கட்டிலிலிருந்து வந்தது.

பராசக்தியின் வாய் திறந்திருந்தது. அவள் வாய் திறந்து அவர் கண்டு எத்தனையோ காலம். பல் தெரிந்தது. நாக்கு தெரிந்தது. நாக்கு அசையவில்லை. உதடுகள் ஒட்டவில்லை. ஒட்டாத உதடுகளுக்குள்ளிருந்து பொம்மை என்றது. பூமி என்றது. தெளிவாக. ஊசி உரசும் அந்தச் சரசரப்பும்கூட. வயலினும்கூட.

"பராசக்தி," என்றார்.

குரல் களைத்தது. தடித்தது. அவளுடைய நெஞ்சு அதனோடு சேர்ந்து மெல்ல மெல்லத் தாழ்ந்தது. உறங்கு... து. உற... ங்...

நின்றது.

முனகல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. அவருடைய மூச்சு மட்டும்.

அவள் கண் அவரைப் பார்த்தது.

பிறகு வலக்கை எழுந்தது. விறகுபோலக் கிடந்த கை. துணியை விலக்கிக்கொண்டு, மூட்டுகள் நெரிய, மேலே எழுந்தது. விரல்கள் வெறும் காற்றில் எதையோ பிடித்தன. இறுகப் பிடித்தன.

சுற்றின.

பஞ்சலிங்கத்தின் விலா எலும்புகளுக்குள் ஏதோ ஒன்று இழுபட்டது. வலித்தது. கையிலிருந்த புதுப்பெட்டி நழுவி நிலத்தில் விழுந்தது. காலை எடுக்கப் பார்த்தார். கால் வரவில்லை. அக்கா என்று கூப்பிட நினைத்தார். நாக்கு எழவில்லை.

இன்னொரு சுற்று. இன்னும் இறுகியது.

அவள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள், பார்வையை எடுக்காமல்.

அவருடைய வாய் தானாகத் திறந்தது.