ஜெசிந்தா வீச்சு

எட்டுத் தடங்களிலும் ஜெசிந்தாவின் கைகள்தான் நீந்தின. ஏழு பேரிடம் அவை நகல் படியாக இருந்தன. அவளிடம் மட்டும் அசலாக. அவள்தான் கடைசியாக வந்தாள்.

ஐம்பது மீட்டரில் அவள் உலக சாதனை படைத்து வருடங்கள் ஆகியிருந்தன. அன்று கரையேறியதுமே கழுத்தில் தசைப்படிப்பான் கருவியை ஒட்டி, உடம்பு நீந்திய விதத்தை முழுவதுமாகப் படியெடுத்துக்கொண்டார்கள். படி கொடுத்தால்தான் சாதனை செல்லும் என்பது விதி. அந்தப் படியை யார் நரம்பில் ஏற்றினாலும் அவர்கள் கைகளும் அப்படியே வீசும், தலையும் அப்படியே அசையும். அப்போது அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட அவளாக நீந்துகிறார்கள், அவளைவிட இளமையான உடம்புகளில்.

ஒரே ஒரு முறை, வேறு யாரிடமும் இல்லாத ஒன்றால் ஜெயித்துவிட வேண்டும். அதற்காகப் புதிய வீச்சு ஒன்றைப் பழகினாள். பழையதை மறப்பதுதான் ஆகவில்லை. களைத்ததும் கைகள் தாமாகவே பழைய வழிக்குப் போயின. பயிற்சியாளர் அருளப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"உன்னையே நீ துரத்திட்டு இருக்க ஜெசி. புடிச்சுட்டாலும் என்ன செய்வ?"

அவள் மறுபடி தண்ணீரில் குதித்தாள்.

தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில் கைகள் கடைசிவரை அவள் பேச்சைக் கேட்டன. அவள் சுவரைத் தொட்டபோது பக்கத்துத் தடத்து மதுபாலா இன்னும் வந்துகொண்டிருந்தாள். பழைய சாதனை உடைந்திருந்தது. ஆனால் முடிவுப் பலகை வெறுமையாகவே நின்றது. நடுவர் தசைப்படிப்பானோடு வந்தார்.

"கழுத்தக் காட்டுங்கம்மா. உடம்பு ஆறிட்டா சரியா வராது."

"குடுக்கலைன்னா?"

"நீங்க நீந்தவே இல்லைன்னு ஆயிரும்."

கொடுத்தால் நாளையே அது எல்லோருடையதும். ஜெசிந்தா துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். நடுவர் கருவியோடு திரும்பிப் போனார்.

பலகையில் முதலிடத்தில் மதுபாலாவின் பெயர் எழுந்தது. வழக்கப்படி அதன் கீழே, 'ஜெசிந்தா வீச்சு'. அரங்கம் ஜெசிந்தாவின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

மதுபாலா ஈரத்தோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாம் அக்கா போட்ட பிச்சை என்றாள். ஜெசிந்தா அவள் காதருகே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நான் முன்னாடி போனத நீ பாத்தியா?"

மதுபாலா திகைத்தாள். பிறகு, ஏதோ தன் குற்றம்போலச் சொன்னாள்.

"பாக்கலியேக்கா. உங்க வீச்சுல பக்கத்துத் தடத்தத் திரும்பிப் பாக்கவே வராதே."